மெயிலில் அனுப்பிய நடுக்கம்

2014-ஆம் ஆண்டு, பொங்கல் முடிந்த சமயம். நெய்வேலி நகரியத்தில் மாப்பிள்ளைக்கு ஒதுக்கியிருந்த குவார்ட்டர்ஸில் நானும் என் மனைவியும் மகளோடு தங்கியிருந்தோம். நான் சுரங்கத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். போல்ட், பேரிங், பெல்ட் என்று எண்ணி எண்ணியே வேலைக் காலம் போய்விட்டதால் வீட்டில் சும்மா இருக்கும்போதும் ஏதாவது எண்ணிக்கொண்டுதான் இருப்பேன். கொடியில் காயும் துணி, ஷிப்ட் விட்டதும் தெருவில் போகும் சைக்கிள் என்று எதுவும் தப்பாது. கூடவே கவலைப்படும் சுபாவமும் உண்டு. கேஸ் மூடியிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து, சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி போய்ப் பார்ப்பேன்.

அப்படிப்பட்ட எனக்கு அந்த மாதம் கவலைப்பட நிஜமாகவே ஒரு காரணம் வந்தது. பேத்திக்கு அப்போது ஒன்பது மாதம். நன்றாகத்தான் இருந்தாள். திடீரென்று ஒருநாள் சாப்பிட உட்கார்ந்திருந்தவள் இரண்டு தோளையும் குறுக்கிக்கொண்டு, தலை லேசாக ஆட, உடம்பு முழுவதும் நடுங்கினாள். நான்கைந்து விநாடி இருக்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் வாயைத் திறந்து அடுத்த வாய்க்குக் காத்திருந்தாள். அதன்பின் இது அடிக்கடி வர ஆரம்பித்தது. சாப்பாட்டைப் பார்த்தால் வரும், யாராவது விளையாட்டுக் காட்டினால் வரும்.

குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் முன்னால் அவள் நடுங்கவே இல்லை. அவருடைய கண்ணாடியைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "நீங்க சொல்றத வச்சு எதுவும் சொல்ல முடியாது. அடுத்த தடவ வரும்போது வீடியோ எடுத்துடுங்க" என்று சொல்லி, பாண்டிச்சேரியில் குழந்தைகளுக்கான நரம்பு மருத்துவர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வீடியோ என்றதும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. ஓய்வு பெற்றபோது ஆசைப்பட்டு வாங்கிய கேம்கார்டர் ஒன்று என்னிடம் இருந்தது. அதை ஸ்டாண்டில் மாட்டி ஹாலில் நிறுத்தினேன். மனைவி கேழ்வரகுக் கூழை ஊட்டுவாள், நான் பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருப்பேன். குழந்தை கூழை எல்லாம் தின்று முடித்துவிட்டுக் கேமராவைப் பார்த்துப் பொக்கை வாயைக் காட்டும். நடுக்கம் வராது. கேமராவை மடித்துப் பெட்டியில் வைத்ததும் வந்துவிடும்.

"நீங்க அத்த தூக்கிக்கினு வந்தாலே இவ சமத்தாயிடறா. பேசாம தெனமும் இங்கியே நின்னுக்குங்க, நடுக்கமே வராது" என்றாள் என் மனைவி.

கடைசியில் ஒரு காலை வேளை, அரை மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்த கேமரா முன்னால் அது வந்தது. மனைவி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வளையல் குலுங்கக் கை தட்டிக் குழந்தையைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாள். தட்டத் தட்டக் குழந்தைக்கு உற்சாகம் ஏறியது. தோள் குறுகியது, நடுங்கினாள். நான் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்று பார்த்தேன். பயமாக இருந்தாலும், பதிவாகிவிட்டதே என்று ஒரு திருப்தியும் இருந்தது.

பாண்டிச்சேரி கிளினிக்குக்கு மகள் போன் செய்தாள். வரவேற்பில் இருந்த பெண், டாக்டரைப் பார்க்க இரண்டு வாரம் ஆகும் என்றாள். "வீடியோ இருந்தா மெயில்ல அனுப்புங்க மேடம். முழுசும் வேணாம், அது வர்ற எடம் மட்டும். டாக்டர் பாத்துட்டு அவசரமா இல்லையான்னு சொல்லிடுவாரு" என்றாள்.

அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போயிருந்தார். மகளுக்குக் குழந்தையோடு நேரம் சரியாக இருந்தது. கேமராவைக் கணினியில் செருகி, அந்த அரை மணி நேரப் பதிவை நகல் எடுத்தேன். எடிட்டிங் மென்பொருளைத் திறந்து அதற்குள் கொண்டுபோகப் பார்த்தால், இந்த வகைக் கோப்பைத் திறக்க முடியாது என்று செய்தி வந்தது. நேராக ஓடவிட்டாலும் பழைய கணினி திணறியது. குரல் கேட்டது, படம் உறைந்து நின்றது. இணையத்தில் தேடினேன். கேம்கார்டர் படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால்தான் எடிட்டிங் மென்பொருள் ஏற்கும் என்று தெரிந்தது. மாற்றிக் கொடுக்கும் இலவச மென்பொருள் ஒன்றையும் இறக்கினேன்.

எந்த வடிவத்துக்கு மாற்ற வேண்டும் என்று அது கேட்டது. நீண்ட பட்டியல். நாற்பத்திரண்டு வகை இருந்தன. டிவிக்கு, டிவிடிக்கு, கணினிக்கு என்று ஒவ்வொன்றும் ஒரு அளவு. மெயிலில் பெரிய கோப்பு போகாது என்பது எனக்குத் தெரியும். ஒரு பேரிங் அனுப்ப யாராவது லாரி பிடிப்பார்களா? பட்டியலின் கடைசிக்குப் போனேன். பழைய மொபைல் போன்களுக்கு, மிகச் சிறிய அளவு என்று ஒன்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தேன். சிக்கனமாக வேலை முடிந்தது. எடிட்டிங் மென்பொருள் மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டது. முன்னும் பின்னும் வெட்டிவிட்டு, கை தட்டும் இடத்திலிருந்து நடுக்கம் முடியும் வரை மட்டும் வைத்து மெயிலில் அனுப்பினேன். வெட்டும்போது படம் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரிந்தது. குழந்தை இருக்கிறாளா, சரியான இடம்தானா என்று மட்டும் பார்த்தேன். அன்று மாலை டீயை நிம்மதியாகக் குடித்தேன்.

மறுநாள் பிற்பகல் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. மகள்தான் எடுத்தாள். டாக்டர் பார்த்துவிட்டார், நாளைக்கே அழைத்து வரச் சொல்கிறார், அட்மிட் பண்ணுவதற்குத் தயாராக வாருங்கள், மூன்று நாள் தங்க வேண்டியிருக்கும் என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, டாக்டர் நேரில் சொல்வார் என்று முடித்துவிட்டார்கள்.

மகள் போனை வைத்துவிட்டு நேராகக் கணினி முன்னால் உட்கார்ந்து, நான் அனுப்பிய துண்டைத் திரை முழுவதும் பெரிதாக்கி ஓடவிட்டாள். நானும் அவள் பின்னால் நின்று அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன்.

குழந்தையின் தலை வெடுக்கென்று முன்னால் விழுந்தது. நின்றது. தோள் ஒரே தூக்காகத் தூக்கிப் போட்டது. நின்றது. மறுபடி வெடுக். யாரோ பிடித்து உலுக்குவதுபோல் இருந்தது.

மகள் சில நாட்களாக இணையத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தைகளுக்கு இப்படி வெட்டி வெட்டி இழுக்கும் ஒரு நோய் இருக்கிறது, கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும் என்று படித்து, எங்களிடம் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறாள். "இதேதாம்பா. அதுல போட்டிருந்த மாதிரியே இருக்கு" என்றாள். எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

என் மனைவி சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளைக்குச் செய்தி போயிற்று. அடுத்த இரண்டு நாள் ஷிப்டை உடன் வேலை பார்ப்பவரோடு மாற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார். குழந்தை ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தரையில் உருட்டி, அது ஓடும் சத்தத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தது அவள் ஒருத்திதான்.

நான் கணினியை விட்டு நகரவில்லை. அந்தத் துண்டையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நேரில் பார்த்தது இப்படி இல்லையே என்று மனது அடித்துக்கொண்டது. ஆனால் எனக்குக் கண்புரை ஆரம்பித்திருந்த காலம் அது. வயதான கண்ணை நம்புவதா, கேமராவை நம்புவதா? கேமரா பொய் சொல்லாது என்றுதானே எல்லாரும் நினைக்கிறோம்.

அப்போது என்னை அறியாமல் வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறேன். மனைவியின் வளையல் சத்தத்தை எண்ணியிருக்கிறேன். பதினொரு தட்டு. கண் அவள் கைகளின் மேல் இருந்தது. இரண்டு உள்ளங்கையும் ஒன்றாகச் சேர்ந்ததை ஆறு தடவைதான் பார்த்தேன்.

மறுபடி ஓடவிட்டேன். சத்தம் பதினொன்று, கை ஆறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன். மாறவில்லை. ஐந்து தட்டு எங்கே போயிற்று?

அந்த மாற்றும் மென்பொருளை மறுபடி திறந்து, நான் தேர்ந்தெடுத்த வகைக்கு என்னென்ன அளவுகள் என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். வீடியோ என்பது அசையாத படங்களை வேகமாக அடுக்கி ஓட்டுவதுதான். என் கேமரா ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படம் எடுக்கும். நான் சிக்கனம் பார்த்துத் தேர்ந்தெடுத்த வகை, கோப்பைச் சிறிதாக்குவதற்காக விநாடிக்கு ஆறு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடும். ஒலியை மட்டும் முழுதாக விட்டுவைக்கும். மனைவியின் கைகள் சேர்ந்த படங்களில் பாதி எறியப்பட்டிருந்தன. அப்படியானால் குழந்தையின் அசைவிலும் முக்கால்வாசி எறியப்பட்டிருக்க வேண்டும். நடுவில் உள்ளது போய்விட்டால், மெதுவாகக் குனியும் தலைகூட வெடுக்கென்று விழுவதுபோலத்தானே தெரியும்?

ஓடிப்போய் மகளிடம் சொன்னேன். நான் சொன்ன விதமும் சரியில்லை. வளையல், பதினொன்று, ஆறு என்று உளறியிருப்பேன்.

"அப்பா! அம்மா எத்தன தட்டு தட்டுச்சுன்னா எண்ணிக்கினு இருக்கீங்க? இங்க எம் புள்ளைக்கு என்ன ஆவுமோன்னு நான் செத்துக்கினு இருக்கேன்" என்று கத்திவிட்டாள்.

நான் திரும்பி வந்துவிட்டேன். அவள் கத்தியது எனக்கு வலிக்கவில்லை. ஒருவேளை நான் கணக்குப் போட்டு எனக்கு நானே ஆறுதல் தேடிக்கொள்கிறேனோ, அதை அவள் தலையிலும் கட்டப் பார்க்கிறேனோ என்ற பயம்தான் வலித்தது. ஆசை காட்டிவிட்டு நாளைக்கு அந்த டாக்டர் அறையில் அது பொய்யாகிவிட்டால் அவள் தாங்குவாளா?

மாப்பிள்ளை வந்ததும் அவரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் டிவியைச் சுவரிலிருந்து நகர்த்தினார். கேமராவோடு வந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரை டிவியின் பின்னால் செருகினார். எந்த மாற்றமும் செய்யாமல், கேமராவுக்குள் இருந்த பதிவையே ஓடவிட்டோம்.

வளையல் ஒலித்தது. என் உதடு எண்ணியது. பதினொரு தடவை சத்தம், பதினொரு தடவையும் கைகள் சேர்ந்தன. குழந்தையின் தோள் மெதுவாகக் குறுகியது. சில்லென்ற தண்ணீரை முதுகில் ஊற்றினால் சிலிர்ப்போமே, அதேபோல ஒரே சீரான நடுக்கம். தலை எங்கேயும் வெட்டி விழவில்லை.

"மாமா, இது வேற மாதிரில்ல இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

மகள் எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. "இன்னொரு வாட்டி போடுங்க" என்றாள். போட்டோம். பார்த்தாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "டாக்டர் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு, மூன்று நாளைக்கான துணியை மடித்துப் பையில் வைக்கப் போனாள். நான் என் பையில் கேமரா, சார்ஜர், ஒயர் மூன்றையும் வைத்தேன். படுக்கும் முன் திறந்து பார்த்தேன். காலையில் எழுந்தும் திறந்து பார்த்தேன். அன்று யாரும் என்னைக் கேலி செய்யவில்லை.

கடலூர் போய் வண்டி மாறினோம். பஸ்ஸில் வழி முழுவதும் அந்தப் பை என் மடியில்தான். கிளினிக்கில் ஹால் நிறையக் கூட்டம். எங்களை முன்னதாகவே கூப்பிட்டார்கள். டாக்டர் நாற்பது வயதுக்குள்தான் இருப்பார். குழந்தையைத் தட்டி, திருப்பி, காலைத் தூக்கி, கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு நான் அனுப்பிய துண்டைத் தன் கணினியில் ஓடவிட்டு, "இதப் பாத்ததும்தான் உடனே வரச் சொன்னேன். இந்த மாதிரி வெட்டி வர்றது..." என்று ஆரம்பித்தார்.

"டாக்டர், மன்னிக்கணும். நான் அனுப்பினதுல முக்கால்வாசிப் படம் இல்ல" என்றேன். வளையல் கணக்கைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அவர் என் முகத்தையும் மகளின் முகத்தையும் பார்த்தார். பிறகு அதையே மறுபடி ஓடவிட்டார். மேசையின் மேல் அவர் விரல் ஒவ்வொரு தட்டுக்கும் ஒருமுறை தட்டியது. கடைசியில் விரல் நின்றது. "ஒரிஜினல் கொண்டாந்திருக்கீங்களா?" என்றார்.

கேமராவை எடுத்துக் கொடுத்தேன். அதன் திரை சின்னது. அவருடைய கணினித் திரையில் அந்த ஒயரைச் செருக இடம் இல்லை. டாக்டரே எழுந்து, ஹாலில் இருந்த டிவியில் போடலாம் என்று எங்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

ஹாலில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. வரவேற்பில் இருந்த பெண் ரிமோட்டை எடுத்ததும், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒருவர் பதறிவிட்டார். சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து வந்தவராம்.

"யம்மா, யம்மா! கடைசி ஓவர் ஓடிக்கினு இருக்குது!"

"ஒரு நிமிஷம்தாங்க."

"ஒரு நிமிசத்துல மேட்ச்சே பூடுங்க!"

அதற்குள் படம் மாறி, என் பேத்தி டிவி முழுவதும் நிறைந்தாள். ஹாலில் இருந்த எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வளையல் சத்தம் கேட்டது. தோள் குறுகியது. நடுங்கினாள். முடிந்தது. டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றார். அடுத்தது, "இன்னும் ஒரு தடவை" என்றார். என் மகள் டிவியைப் பார்க்கவில்லை, டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பேசியது கிரிக்கெட்காரர்தான். "பாப்பா சிலுத்துக்குது, அவ்ளோதானே சார்? எங்க வூட்டு பையன் தலையில தண்ணி ஊத்துனா இப்டிதான் பண்ணுவான்."

டாக்டர் சிரித்துவிட்டார். "நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு என் மகள் பக்கம் திரும்பினார். "அம்மா, எனக்கும் அப்படித்தான் தெரியுது. ஆனா ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு உறுதியாச் சொல்றேன். கொஞ்சம் தைரியமா இருங்க."

குழந்தையைத் தூங்கவைத்து, தலை முழுவதும் ஒயர் ஒட்டி மூளையின் அலைகளைப் பார்த்தார்கள். அந்த அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம். தரையில் டைல்ஸ் பதித்திருந்தார்கள். நான் அவற்றை எண்ணவில்லை. எண்ண வரவில்லை.

பிற்பகலில் டாக்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். சில குழந்தைகளுக்கு உற்சாகம் வந்தால் இப்படி ஒரு சிலிர்ப்பு வரும், வலிப்பு அல்ல, மருந்து வேண்டாம், வளர வளரத் தானாகப் போய்விடும், ஆறு மாதம் கழித்து ஒருமுறை காட்டுங்கள் போதும் என்றார்.

"இந்த கேமராவ நாங்க எடுத்துட்டு வரலைன்னா மருந்து ஆரம்பிச்சிருப்பீங்களா டாக்டர்?" என்று மகள் கேட்டாள்.

"டெஸ்ட் எடுக்காம ஆரம்பிச்சிருக்க மாட்டேம்மா. ஆனா அந்த வீடியோ என் மனசுல இருந்திருக்கும். இந்தத் தாள் நல்லா இருந்தாலும் நம்பாம, மறுபடி மறுபடி டெஸ்ட் எடுத்துட்டு இருந்திருப்பேன். நீங்களும் பயந்துகிட்டே இருந்திருப்பீங்க."

வெளியே வந்தபோது மாலை ஆகியிருந்தது. மூன்று நாளைக்குக் கட்டிய துணிப்பையைப் பிரிக்காமலே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். மகள் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே குழந்தையை என் மடியில் போட்டாள். கேமராப் பையை அவள் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

கடலூர் தாண்டியதும் மனைவி முன் சீட்டிலிருந்து திரும்பி ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். அதைப் பார்த்ததும் குழந்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோளைக் குறுக்கினாள், என் கைக்குள்ளேயே உடம்பெல்லாம் நடுங்கினாள். நாங்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்தோம். அடுத்த நொடி மகள் சிரித்தாள். மாப்பிள்ளை சிரித்தார். என் மனைவி சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எதற்கு இவர்கள் சிரிக்கிறார்கள் என்று கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

அதன்பின் சில மாதங்களில் அந்தச் சிலிர்ப்பு குறைந்து, ஒருநாள் வராமலே போயிற்று. கடைசியாக எப்போது வந்தது என்று எண்ணி வைக்க எனக்கே தோன்றவில்லை. கவலைப்படும் சுபாவம் மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. கெட்ட செய்தி என்று ஏதாவது காதில் விழுந்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. ஆனால் அது என்னிடம் வந்து சேருவதற்குள் வழியில் எவ்வளவு உதிர்ந்துபோயிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்கிறேன். அந்த ஒரு நிமிடத்தை எனக்குக் கொடுத்தது அந்த ஒன்பது மாதக் குழந்தைதான்.